பெயரும் பொருளும்

ஆசிரியனாக இருந்தவன் மீண்டும் மாணாக்கனாக அமர்வது எளிய செயல் அன்று. 35 ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்று பழகிய கால்கள், அதன் எதிரே சென்று உட்கார ஒப்புவதில்லை. பிறர் பிழையைத் திருத்திப் பழகிய நா, 'எனக்கு விளங்கவில்லை' என்று சொல்லக் கூசுகின்றது. என் 65 ஆம் வயதில் யான் அவ்வாறு அமர்ந்தேன். கற்ற பாடம் கணிப்பொறி நிரலாக்கம். கற்பித்தவர் என்னிடம் தமிழ் படித்த மாணவர். நிரலாக்கம் கற்கச் சென்ற யான், என் வாழ்நாளில் செய்த பிழையொன்றையும் அதன் வழியே கண்டுகொண்டேன். மாணவர்களே, அவ்விரண்டையும் உங்களுக்கு மறையாது கூற விரும்புகின்றேன்.

யான் பழைய முறையில் தமிழ் கற்றவன். நன்னூலை மனனம் செய்து, ஆசிரியரிடம் உரை கேட்டு, புலவர் பட்டம் பெற்றவன். பின்னர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது நீளும். அவ்வாறு நீண்ட ஒரு காலைப்பொழுதில் என் பழைய மாணவர் ஒருவர் வீடு தேடி வந்தார். அவர் இன்று பொறியாளர். அரசுத் துறையொன்றுக்கு மென்பொருள் ஆக்கித் தரும் குழுவில் இருக்கின்றார்.

"ஐயா, பொதுமக்கள் சான்றிதழ் வேண்டி விண்ணப்பிப்பதற்கு ஒரு மென்பொருள் செய்து வருகின்றோம். திரையில் தோன்றும் தமிழைத் தாங்கள் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்" என்றார்.

அவர் தந்த தாள்களைப் படித்தேன். சொற்கள் பெரும்பாலும் நல்ல தமிழாகவே இருந்தன. ஆயின், 'கண்ணன்இன் மகன்' என்றும் 'வள்ளிஇன் மகள்' என்றும் பல இடங்களில் எழுதப்பட்டிருந்தது.

"தம்பி, இஃது என்ன எழுத்து? மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் இவ்வாறு எழுதானே!" என்று கடிந்தேன்.

அவர் நகைத்தார். "இதனை எழுதியது பிள்ளையன்று, ஐயா, பொறி எழுதியது. பெயரை ஓரிடத்திலிருந்தும் 'இன்' என்பதை வேறோரிடத்திலிருந்தும் எடுத்து அது ஒட்டிவிடுகின்றது. புணர்ச்சி விதி அதற்குத் தெரியாது. அதற்குக் கற்பிக்கும் அளவுக்கு இலக்கணம் எங்களுக்கும் தெரியாது" என்றார்.

சொல்லைத் திருத்த வந்தவன், அச்சொல்லைப் பிறப்பிக்கும் பொறியை அறியாமல் எங்ஙனம் திருத்துவான்? தாளில் நூறு இடத்தில் சிவப்பு மையால் திருத்தினாலும், நாளை அப்பொறி ஆயிரம் இடத்தில் அதே பிழையைச் செய்யும் அன்றோ? "அப்படியாயின், அதன் உட்புறத்தை எனக்குக் காட்டு" என்றேன். வாரம் மூன்று மாலைகள் அவர் வருவதாக ஒப்புக்கொண்டார். என் வீட்டுத் திண்ணையே பள்ளிக்கூடம் ஆயிற்று.

நிரல் என்பது பொறிக்கு நாம் இடும் ஏவல்களின் தொகுதி. சோறு சமைக்கக் கற்பிப்பவர், 'அரிசியை அளந்திடு, களைந்து நீர் விடு, உலையில் இடு, பதம் பார், வடித்திடு' என்று வரிசையாகச் சொல்வது போன்றது அது. தொடக்கக் காலத்து நிரல்கள் பெரும்பாலும் இம்முறையிலேயே அமைந்தன. அவற்றில் ஏவல்கள் ஒருபுறம் நிற்கும். அவ்வேவல்களால் மாற்றப்படும் தரவுகள் மற்றொருபுறம் கிடக்கும். சிறு செயலுக்கு இம்முறை போதும். இலட்சக்கணக்கான மக்களின் பெயரும் நிலமும் வருவாயும் அடங்கிய அரசுப் பணிக்கு இது போதுமா? எந்த ஏவலும் எந்தத் தரவையும் தொடலாம் என்றால், ஒரு பெயர் மாறிக் கிடக்கும்பொழுது அதனை மாற்றியது எந்த ஏவல் என்று தேடுவது, வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவதாக முடியும்.

இக்குறையை நீக்க எழுந்ததே பொருள்நோக்கு நிரலாக்கம். இலக்கண நடையில் சொன்னால், பழைய முறை வினைச்சொல்லை முதன்மையாகக் கொண்டது. இம்முறை பெயர்ச்சொல்லை முதன்மையாகக் கொண்டது. 'என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்பதற்கு முன்னே, 'இங்கே என்னென்ன பொருள்கள் உள்ளன? அவை ஒவ்வொன்றும் என்ன அறியும்? என்ன செய்யும்?' என்று இது கேட்கின்றது.

இதற்கு வித்திட்டவர்கள் நார்வே நாட்டு அறிஞர் இருவர். ஓஸ்லோ நகரில் உள்ள நார்வே கணிப்பு மையத்தில் பணியாற்றிய ஓலே யோகான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்போர் அவர்கள். வரிசையில் காத்து நிற்போரும் அவர்களுக்குப் பணி செய்வோரும் நிறைந்த உலக நிகழ்ச்சிகளைக் கணிப்பொறிக்குள் நடத்திப் பார்க்க அவர்கள் விரும்பினர். அம்முயற்சியின் பயனாக 1967 ஆம் ஆண்டு 'சிமுலா 67' என்னும் நிரல்மொழி பிறந்தது. காத்து நிற்போரும் பணி செய்வோரும் நிறைந்த இடம் என்றவுடன் எனக்கு நம் அரசு அலுவலகமே நினைவுக்கு வந்தது.

பின்னர், கணிதத்தோடு உயிரியலும் பயின்ற ஆலன் கே என்னும் அமெரிக்கர் இக்கருத்தை மேலும் வளர்த்தார். உடலின் உயிரணு ஒவ்வொன்றும் தன் சவ்வுக்குள் தன் வேலையைச் செய்துகொண்டு, பிற அணுக்களோடு செய்தியால் மட்டும் தொடர்பு கொள்கின்றது. நிரலின் பொருள்களும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். 'ஸ்மால்டாக்' என்னும் மொழி அவ்வெண்ணத்தின் விளைவு. அதன்பின் சி பிளஸ் பிளஸ், 1991 இல் வெளிவந்த பைத்தான், 1995 இல் வெளிவந்த ஜாவா ஆகியவை இம்முறையை உலகெங்கும் பரப்பின. டால், நைகார்ட் இருவருக்கும் 2001 ஆம் ஆண்டிற்குரிய டூரிங் விருது வழங்கப்பெற்றது. அடுத்த ஆண்டே இருவரும் மறைந்தனர். அவர்கள் விதைத்த விதை இன்று நம் வட்டாட்சியர் அலுவலகம் வரை வேரோடியிருக்கின்றது.

முதற்பாடம் இனக்குழுவும் பொருளும். அலுவலகத்தில் அச்சிட்டு அடுக்கி வைத்த விண்ணப்பப் படிவத்தை எண்ணிப் பாருங்கள். அதில் பெயர், தந்தை பெயர், ஊர் என்று இடங்கள் உள்ளன. எவர் பெயரும் இல்லை. அதுவே இனக்குழு. ஒருவர் அதனை நிரப்பிக் கொடுத்துவிட்டால் அது ஒரு பொருள். படிவம் ஒன்று, நிரப்பப்பட்ட விண்ணப்பங்கள் பல. பொதுப்பெயருக்கும் சிறப்புப்பெயருக்கும் உள்ள உறவைக் கற்பித்த எனக்கு இது விளங்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

இரண்டாம் பாடமாகிய மரபுரிமம் என்னை வியப்பில் ஆழ்த்தியது. வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எனச் சான்றுகள் பல. விண்ணப்பித்தவர் பெயர், விண்ணப்ப எண், வழங்கும் அலுவலர், நாள் ஆகியவை எல்லாவற்றுக்கும் பொது. ஒவ்வொரு சான்றுக்கும் அவற்றைத் தனித்தனியே எழுதினால் வேலையும் மிகும், பிழையும் மிகும். ஆதலின், 'சான்று' என்னும் பொது இனக்குழுவை முதலில் அமைக்கின்றனர். மற்றவை அதன் வழிவந்தனவாகி, அதன் இயல்புகளைப் பெற்று, தமக்குரிய சிறப்பியல்பையும் சேர்த்துக்கொள்கின்றன. வருமானம் ஆண்டுதோறும் மாறக்கூடியது. ஆகவே வருமானச் சான்று தனக்கெனக் காலவரம்பு ஒன்றைச் சேர்த்துக்கொள்கின்றது.

இதனைக் கேட்டதும் என் நினைவு தொல்காப்பியத்தின் மரபியலுக்குச் சென்றது. அங்கே உயிர்கள் அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுக்கப்பெற்றுள்ளன. தொட்டால் உணரும் அறிவு மட்டும் உடையவை புல்லும் மரமும். அதனோடு சுவையறிவு சேர்ந்தால் ஈரறிவு. மணமறியும் ஆற்றலும் சேர்ந்தால் எறும்பு முதலிய மூவறிவு உயிர்கள். கண்ணறிவு சேர்ந்தால் நண்டும் தும்பியும் போன்ற நாலறிவு உயிர்கள். செவியறிவு சேர்ந்தால் ஐயறிவு. மனவறிவும் சேர்ந்தால் மக்கள். ஒவ்வொரு படியும் தனக்கு முந்திய படியின் அறிவனைத்தையும் பெற்று, புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்கின்றது. "தம்பி, இது மரபுரிமம் அன்றோ!" என்றேன். இதனைக் கொண்டு, நம் முன்னோர் கணிப்பொறியை அறிந்திருந்தனர் என்று எவரேனும் கூறினால் அது பேதைமையாகும். பலவாகக் கிடக்கும் உலகை வகைப்படுத்திக் காணும் மனித அறிவு, எக்காலத்தும் எந்நாட்டிலும் ஒரே வழியில் நடக்கின்றது என்பதற்கே இது சான்று.

வியப்பு மிகுந்ததும் செருக்கும் மிகுந்தது. அன்றிரவே தாளும் கோலும் எடுத்து மக்களையெல்லாம் வகுக்கத் தொடங்கினேன். 'குடிமக்கள்' என்பதன் கீழ் ஆண்பால், பெண்பால். பெண்பாலின் கீழ் மணமாகாதவர், மணமானவர், கைம்பெண். அவற்றின் கீழ் ஓய்வூதியம் பெறுவோர், பெறாதோர் என ஆலமரம்போல் ஒரு வரைபடம் வளர்ந்தது. மறுநாள் அதனைப் பெருமிதத்துடன் காட்டினேன்.

அவர் சற்றுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, ஓர் ஐயம்" என்றார். "இன்று மணமானவராக உள்ள ஒரு பெண்மணி நாளை கணவரை இழந்தால், இந்த வரைபடத்தில் அவர் என்ன ஆவார்? பொதுவாக ஒரு பொருள் தன் இனக்குழுவை விட்டு வேறு இனக்குழுவுக்கு மாற இயலாது. அவரை அழித்துவிட்டுப் புதிதாக ஒருவரைப் படைக்க வேண்டியிருக்கும். அவருடைய பழைய பதிவுகளெல்லாம் என்னவாகும்?"

யான் வாய் திறக்கவில்லை. அவரே மேலும் விளக்கினார்: "கைம்மை என்பது ஒருவர் அடைந்த நிலை, ஐயா, அவர் இன்னார் என்பது அதனால் மாறுவதில்லை. ஆகவே, 'இவர் இன்ன வகையினர்' என்று சொல்லத் தகுவதை மட்டும் மரபுரிமமாக வைக்கின்றோம். 'இவருக்கு இன்னது உண்டு' என்று சொல்லத் தகுவதை அவருடைய உடைமையாக வைக்கின்றோம்."

உடைமை என்ற சொல் என்னைக் காப்பாற்றிற்று. ஆறாம் வேற்றுமையின் பொருளாகிய கிழமையை இலக்கண நூலார் இருவகையாகப் பகுப்பர். 'எனது கை' என்பது தற்கிழமை, என்னிலிருந்து பிரியாதது. 'எனது வீடு' என்பது பிறிதின்கிழமை; யான் நீங்கினாலும் அது நிற்கும். நிரலாளரும் இவ்வேறுபாட்டைப் போற்றுகின்றனர். விண்ணப்பத்தில் உள்ள வரிகள் விண்ணப்பம் அழிந்தால் அழியும், அது தற்கிழமை. பட்டாவில் உள்ள நிலமோ உரிமையாளர் மாறினும் நிலைத்திருக்கும், அது பிறிதின்கிழமை. இதனை யான் சொன்னபொழுது அவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அன்று இருவரும் ஒருவருக்கொருவர் மாணாக்கரானோம்.

மூன்றாம் பாடம் பல்லுருவாக்கம். 'அறு' என்பது ஒரே ஏவல். கதிர் அறுப்பவர் அரிவாளை எடுக்கின்றார். மரம் அறுப்பவர் ரம்பத்தை எடுக்கின்றார். ஏவியவர், கருவி எது என்று சொல்ல வேண்டியதில்லை. அதுபோல, 'சரிபார்' என்னும் ஓர் ஏவலைக் கேட்டால், வருமானச் சான்று வருவாயைச் சரிபார்க்கும். இருப்பிடச் சான்று முகவரியைச் சரிபார்க்கும். நாளை புதியதொரு சான்று வந்து சேர்ந்தாலும், ஏவுகின்ற பகுதியை மாற்றி எழுத வேண்டியதில்லை.

நான்காம் பாடமே எனக்கு உடன்பாடு இல்லாதது. அதன் பெயர் உறைபொதியாக்கம். ஒரு பொருளுக்குள் இருக்கும் தரவைப் புறத்திலிருந்து எவரும் நேரே தொடலாகாது. அப்பொருள் திறந்து வைத்திருக்கும் வாயிலின் வழியாகவே கேட்கவோ மாற்றவோ வேண்டும் என்பது அதன் விதி. கோயில் உண்டியலை அவர் உவமை காட்டினார். காசு போடுவதற்குத் துளை உண்டு, எடுப்பதற்கு இல்லை. உரியவர்கள் கூடி, முறைப்படி திறந்து எண்ணினால்தான் அக்காசு கணக்கில் ஏறும்.

"அறிந்தவன் ஒருவன் உள்ளே பிழை இருக்கக் கண்டால் கைவிட்டுத் திருத்தக் கூடாதா? அதற்கும் ஒரு வாயிலா?" என்று கேட்டேன்.

"திருத்தலாம், ஐயா. ஆனால், யார் திருத்தினார், எப்போது, எதற்காக என்பது அவ்வாயிலில் பதிவாக வேண்டும். அறிந்தவர் திருத்தியதுதான் பிழை என்று பின்னர்த் தெரியவந்தால் என் செய்வது?" என்றார். அறிந்தவனைப் பற்றி அவர் அவ்வாறு ஐயுற்றது எனக்குச் சற்றுக் கசந்தது. பேச்சை மாற்றிவிட்டேன்.

நான்கு மாதங்களில் யானே ஒரு சிறு நிரல் எழுதினேன். பெயரோடு 'இன்' சேரும்பொழுது நிகழும் புணர்ச்சியைப் பொறிக்குக் கற்பிப்பதே அதன் வேலை. 'கண்ணனின்' என்று வந்தது. யகர உடம்படுமெய் பெற்று 'வள்ளியின்' என்று வந்தது. வகர உடம்படுமெய் பெற்று 'சீதாவின்' என்று வந்தது. 'அரசு' என்பதைக் கொடுத்தால் குற்றியலுகரம் கெட்டு 'அரசின்' என்று வந்தது. மகிழ்ச்சி தாங்கவில்லை. அவர் 'முத்து' என்று ஒரு பெயரைக் கொடுத்தார். பொறி விதி தவறாது 'முத்தின் மகன்' என்று எழுதிற்று.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயா, இது கடலில் எடுத்த முத்து. ஊரில் உள்ள முத்துவை 'முத்துவின் மகன்' என்றுதானே சொல்கின்றோம்?" என்றார்.

உண்மைதான். என் தெருவிலும் எவரும் 'முத்தின் மகன்' என்று சொல்லக் கேட்டதில்லை. மணியின் பெயராக நிற்கும்போது விதிக்கு அடங்கும் சொல், மனிதர் பெயராக ஆனவுடன் அடங்க மறுக்கின்றது. விதியைத் திருத்தி எழுதினேன். ஆயினும், அது கூறிய செய்தியை அன்று முழுதும் உணர்ந்தேன் அல்லேன்.

அவ்வாரமே ஒரு பெண்மணி என் வீட்டிற்கு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. "ஐயா, என்னை நினைவிருக்கின்றதா? ஆறாம் வகுப்பில் தங்களிடம் படித்தேன்" என்றார். அரசுப் பணியில் ஓட்டுநராக இருந்த அவருடைய கணவர் பணிக்காலத்திலேயே இறந்துவிட்டார். கருணை அடிப்படையில் வேலை கேட்டு அவர் விண்ணப்பித்திருந்தார். இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் அவ்விண்ணப்பம் சேர்ந்தாக வேண்டும். பெயர் பொருந்தவில்லை என்று கூறி அலுவலகத்துக் கணிப்பொறி அதனைத் திருப்பிவிட்டது. ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் கணவரின் பணிப்பதிவேட்டிலும் அவர் பெயர் ஜகரத்தில் தொடங்குகின்றது. பள்ளிச் சான்றிதழில் மட்டும் சகரத்தில் தொடங்குகின்றது.

அவர் நீட்டிய சான்றிதழைப் பார்த்தேன். என் நெஞ்சு திடுக்கிட்டது.

1987 ஆம் ஆண்டு. யான் பணியில் சேர்ந்த புதிது. அவ்வாண்டு சேர்க்கைப் பதிவேடு எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருந்தது. எழுத்தறியாத தாய் ஒருத்தி, பதினொரு வயதுச் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். தொடக்கப்பள்ளிச் சான்றில் பெயர் ஜகரத்தில் இருந்தது. வடசொல் தமிழில் வழங்கும்போது தமிழ் எழுத்தால் எழுதப்பெற வேண்டும் என்பது யான் கற்ற விதி. ஜகரத்தைச் சகரமாக்கிப் பதிவேட்டில் எழுதினேன். தாயிடம் கேட்கவில்லை, சிறுமியிடமும் கேட்கவில்லை. அந்தத் தாய், யான் காட்டிய இடத்தில் கைந்நாட்டு வைத்தாள். தமிழுக்குத் தொண்டு செய்ததாக அன்று மகிழ்ந்தேன். அப்பெயரே மதிப்பெண் சான்றிதழில் ஏறிற்று. ஆங்கிலத்திலும் ஜே என்னும் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எஸ் என்னும் எழுத்து அமர்ந்தது.

ஒருங்குறி என்னும் குறியீட்டு முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. சகரத்தின் எண் 2970. ஜகரத்தின் எண் 2972. பொறி ஒலியை அறியாது, பொருளை அறியாது, எண்ணை மட்டுமே அறியும். இரண்டு எண்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு இரண்டே. அவ்விரண்டு ஒரு குடும்பத்தின் உணவுக்குக் குறுக்கே வந்து நின்றது.

"அம்மா, அந்த எழுத்தை மாற்றியவன் யானே" என்றேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. "தெரியும், ஐயா. அம்மா சொல்லியிருக்கின்றார். தாங்கள் எழுதிய பெயரும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது என் பெயர் அன்றே!" என்றார்.

தம்பி சொன்ன நான்காம் பாடம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. ஒருவர் பெயர் அவருக்குத் தற்கிழமை. யான் அதன் உறைக்குள் கைவிட்டேன். அறிந்தவன் என்னும் துணிவால் விட்டேன். யார் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. ஆதலால் 37 ஆண்டுகள் கழித்து வந்த பொறிக்கு, இருவர் ஒருவரே என்று அறிய வழி இல்லாமல் போயிற்று. குற்றம் பொறியினுடையதன்று.

பெயரை மாற்றுவதற்கு அரசு ஒரு வாயில் வைத்திருக்கின்றது. எழுதுபொருள் அச்சுத் துறைக்கு விண்ணப்பித்தால், பழைய பெயரும் புதிய பெயரும் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடப்பெறும். அவ்வறிவிப்பு, இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்குச் சான்றாகும். அவரோடு யானும் அலுவலகங்களுக்கு நடந்தேன். 1987 இல் நடந்ததை என் கையொப்பத்துடன் எழுதிக் கொடுத்தேன். அரசிதழில் அறிவிப்பு வந்து, விண்ணப்பம் மீண்டும் ஏற்கப்பெற்று, பணி ஆணை கிடைக்கப் பத்து மாதங்கள் சென்றன. அப்பத்து மாதமும் அவர் தையற்பொறியை மிதித்துப் பிள்ளைகளைக் காத்தார். யான் எழுதிய ஓர் எழுத்தின் விலை அது.

அதற்கிடையே, யான் மீண்டும் மாணாக்கனாகத் திண்ணையில் அமர்ந்தேன். "தம்பி, உங்கள் மென்பொருளில் பெயரை ஒரு வெறும் எழுத்துத் தொடராக வைத்திருக்கின்றீர்கள். அதனைத் தனிப்பொருளாக ஆக்க இயலுமா?" என்று கேட்டேன். இருவரும் பல மாலைகள் எண்ணி எழுதினோம். அப்பொருளுக்குள், ஒருவருடைய பெயர் எந்த ஆவணத்தில், எந்த ஆண்டில், எவ்வாறு எழுதப்பட்டிருக்கின்றது என்பது தனித்தனியே நிற்கும். ஒன்றை அழித்து ஒன்றை எழுத வழி இல்லை. திருத்தம் வேண்டின், திருத்தியவர் பெயரோடும் காரணத்தோடும் புதிய வரியாகச் சேர்க்கலாம். நிரப்பியே தீர வேண்டிய குடும்பப் பெயர் என்னும் இடத்தையும் நீக்கினோம். தந்தை பெயரின் தலையெழுத்தைக் கொண்டு வழங்கும் நம் மக்களுக்கு அது பொருந்துவதன்று. இரு ஆவணங்களில் பெயர் வேறுபட்டால், பொறி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாது. இரண்டையும் அருகருகே காட்டி, 'இவர் ஒருவர்தாமா என விசாரித்து அறிக' என்று அலுவலரிடம் ஒப்படைக்கும். மனிதரை அறிய வேண்டிய இடத்தில் மனிதரே முடிவு செய்யட்டும் என்று விட்டோம். குழுவினர் ஆராய்ந்து, அப்பகுதியை ஏற்றுக்கொண்டனர்.

பணி ஆணை பெற்ற அன்று அப்பெண்மணி மீண்டும் வந்தார். அரசிதழின் அந்தப் பக்கத்தை என்முன் விரித்து வைத்து, "ஐயா, சரியாக இருக்கின்றதா என்று பாருங்கள்" என்றார். ஆறாம் வகுப்பில் கட்டுரை ஏட்டை நீட்டிய அதே குரல். எழுத்தெழுத்தாகப் படித்தேன். "பிழை இல்லை, அம்மா" என்றேன்.

மாணவர்களே, உங்களுள் பலர் நாளை நிரல் எழுதுவீர்கள். சிலர் அரசுக்காகவும் எழுதுவீர்கள். இனக்குழுவையும் மரபுரிமத்தையும் உங்கள் ஆசிரியர் உங்களுக்கு நன்றாகவே கற்பிப்பார். ஒன்றை மட்டும் இம்முதியவன் சொல்ல விரும்புகின்றேன். நீங்கள் வகுக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் பின்னே ஒருவர் அலுவலக வாயிலில் காத்து நிற்கின்றார். அவருடைய பெயரை எழுதும் முன், அவர் அதனை எவ்வாறு சொல்கின்றார் என்று கேளுங்கள். கற்றவர்க்குத் திருத்தும் உரிமை உண்டு; ஆயின், கேட்ட பின்னரே அவ்வுரிமை பிறக்கின்றது.